வந்த ஆம்புலன்ஸ் ஏன் உடனே கிளம்புவதில்லை?

கோபியிலிருந்து சத்தி போகிற ரோட்டில் ஒருநாள் பொழுது சாயும் நேரம். கரும்பு லாரியை முந்தப் பார்த்த பைக் ஒன்று எதிரே வந்த மொபெட்டில் இடித்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். மொபெட்காரர் ரோட்டோரம் குப்புறக் கிடந்தார். பைக் பையன் புளியமரத்தடியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் 108 வந்தது, கூட்டம் விலகி வழிவிட்டது. அதுவரை எல்லாம் சரி.

அப்புறம்தான் சத்தம் ஆரம்பித்தது. வண்டியிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். கத்துகிற பையனை ஒரு பார்வை பார்த்தார், நேராகக் குப்புறக் கிடந்தவரிடம் போனார். தலைமாட்டில் மண்டியிட்டு, அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர் நீளமான பலகை ஒன்றை எடுத்துவரப் போனார். "ஏனுங்க, இன்னும் பாத்துட்டே உக்காந்திருக்கறீங்க? தூக்கிப் போட்டுட்டுக் கெளம்புங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொருவர் காலிரண்டையும் பிடித்துத் தூக்கக் குனிந்தேவிட்டார். "அண்ணா, கையை எடுங்க. கழுத்து எலும்பு ஒடைஞ்சிருந்தா இந்தத் தூக்குல கை கால் வராமப் போயிருமுங்க" என்றார் அந்தப் பெண், தலையிலிருந்து கையை எடுக்காமலே. ஆறேழு நிமிஷம் கழித்துத்தான் வண்டி நகர்ந்தது. "வேல தெரியாத புள்ளைய அனுப்பிச்சுட்டாங்க" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் தலையாட்டினார்கள்.

நானும் அன்றைக்குத் தலையாட்டியவன்தான். எங்கள் சின்னம்மா பையன் எட்டு வருஷமாக 108ல் இதே வேலை பார்க்கிறான். அவனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். "அந்தப் புள்ள கரெக்டா பண்ணியிருக்குதுண்ணா. நீங்க பாத்த அந்த ஆறு நிமிஷத்துலதான் எங்க வேலையே இருக்குது. மிச்சமெல்லாம் பைலட் வேலை" என்றான். பைலட் என்று அவர்கள் சொல்வது ஓட்டுநரை. பின்னால் இருப்பவர் இ.எம்.டி. அரசு விளம்பரங்களில் 'மருத்துவ உதவியாளர்' என்று போடுவார்கள். வெளியாட்கள் நர்ஸ் என்பார்கள், கம்பவுண்டர் என்பார்கள், கோபம் வந்தால் 'ஆம்புலன்ஸ்காரன்' என்பார்கள்.

இந்த வேலை உலகத்திலேயே புதுசு. அறுபது வருஷத்துக்கு முன் அமெரிக்காவில்கூடப் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் என்றால் சவ அடக்கக் கடைக்காரரின் வண்டிதான். படுக்க வைக்க இடமிருக்கிற வண்டி அவரிடம்தான் இருந்தது. 1967ல் பிட்ஸ்பர்க் நகரில் பீட்டர் சஃபர் என்ற மருத்துவர், இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி, மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றப் பார்க்கும், இன்று சி.பி.ஆர். என்று நாம் சொல்லும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர், வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் பயிற்சி கொடுத்து 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கினார். நோயாளியை வைத்தியத்திடம் கொண்டுபோகும் வண்டி, வைத்தியத்தையே நோயாளியிடம் கொண்டுவரும் வண்டியாக மாறியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்மிடம் அது வந்துசேர நாற்பது வருஷம் ஆயிற்று. ஐதராபாத்தில் 2005ல் தொடங்கிய இ.எம்.ஆர்.ஐ. என்ற ஆம்புலன்ஸ் சேவை அமைப்போடு தமிழக அரசு ஒப்பந்தம் போட்டு, 2008 செப்டம்பரில் இங்கே 108ஐ ஆரம்பித்தது. இன்று மாநிலம் முழுக்க 1,300க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. அதற்கு முன் எங்கள் பக்கம் விபத்து என்றால் வாடகை கார், வேன், கையில் அகப்பட்ட எதுவும்தான். 'போலீஸ் கேஸ் ஆயிரும்' என்று பாதிப்பேர் நிறுத்தவும் மாட்டார்கள்.

இந்த வேலைக்கு யார் போகிறார்கள் என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். நர்சிங் படித்தவர்கள், லேப் டெக்னீஷியன் படித்தவர்கள் உண்டு. கூடவே பி.எஸ்ஸி. விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் படித்தவர்களும் உண்டு. எங்கள் சின்னம்மா பையன், என் தம்பி, தாவரவியல். தேர்வானால் ஐம்பது நாள் போலப் பயிற்சி, வகுப்பறையிலும் ஆஸ்பத்திரியிலும் வண்டியிலுமாக. ஐம்பது நாளில் என்ன கற்றுவிட முடியும் என்று நானும் கேட்டேன். அந்த நாட்களில் அவர்களுக்குச் சொல்லித்தருவது நோய்களை அல்ல, வரிசையை. முதலில் மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, அடுத்து ரத்த ஓட்டம், அப்புறம்தான் மற்றதெல்லாம். பெரும்பாலான கேஸ்களில் இந்த வரிசை மாறாது.

இப்போது அந்த ரோட்டோரக் காட்சிக்கு வருவோம். குப்புறக் கிடந்தவருக்கு நினைவில்லை. நினைவில்லாதவருக்கு நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைக்கலாம். வாயில் ரத்தமோ உடைந்த பல்லோ இருந்தால் அதுவும் அடைக்கும். ஆகவே அவரைத் திருப்பி மூச்சுப்பாதையைப் பார்த்தாக வேண்டும். ஆனால் தலையில் அடிபட்டு நினைவிழந்தவருக்குக் கழுத்தெலும்பும் போயிருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கழுத்தைக் கோணலாகத் திருப்பினால் தண்டுவடம் நசுங்கும். அதனால்தான் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் தோள், இடுப்பு, கால் என்று பிடித்து, மரக்கட்டையை உருட்டுவதுபோல ஒரே எண்ணிக்கையில் முழு உடம்பையும் திருப்புகிறார்கள். அப்புறம் கழுத்துப்பட்டை, பலகை, பட்டைக்கட்டு. இதற்கு நாலைந்து பேர் வேண்டும். வண்டியில் வருவதோ இரண்டு பேர். அன்று காலைத் தூக்கக் குனிந்தவரையே அந்தப் பெண் இடுப்புப் பக்கம் பிடிக்கச் சொன்னதை நான் பார்த்தேன். எரிச்சலில் வந்த ஆள், சொன்னபடி பிடித்தார்.

உதவப் போனால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்துக்கு இப்போது இடமில்லை. 2016ல் உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான். அபராதம் கட்டியவரை நான் இதுவரை பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

கத்துகிற பையனை ஏன் விட்டுவிட்டார்? கத்துகிறவனுக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது, வலி தெரிகிறது. சத்தமில்லாமல் கிடப்பவருக்கு இதில் எது இருக்கிறது என்றே தெரியாது. கேட்க எளிது, செய்வது கொடுமை. 2020 பிப்ரவரி 20 விடிகாலையில் அவிநாசி அருகே டைல்ஸ் ஏற்றிய கன்டெய்னர் லாரி தடுப்பைத் தாண்டி வந்து கேரள அரசு சொகுசுப் பேருந்தில் மோதியதே, 19 பேர் இறந்தார்கள். அப்படி ஓர் இடத்தில் இறங்குகிற முதல் வண்டிக்காரர் யாருக்கும் வைத்தியம் பார்க்க உட்காரக் கூடாது. ஒவ்வொருவரையும் சில நொடி பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டே போக வேண்டும். சிவப்பு உடனே போக வேண்டியவர், மஞ்சள் கொஞ்சம் பொறுக்கக்கூடியவர், பச்சை நடக்க முடிந்தவர். கறுப்பும் உண்டு, இனிப் பிழைக்க வழியில்லாதவர். சட்டையைப் பிடித்து இழுத்து 'எம்புள்ளயப் பாருங்க' என்கிறவரைத் தாண்டிப் போவதற்கு எந்த வகுப்பறையில் பயிற்சி தர முடியும்?

சரி, அப்படியானால் எப்போதும் நின்று நிதானமாகத்தான் செய்வார்களா? இல்லை. வயிற்றுக்குள் ரத்தக்கசிவு என்று சந்தேகம் வந்தால் ஸ்பாட்டில் செய்ய ஒன்றுமே இல்லை. பத்து நிமிஷத்துக்குள் கிளம்பியாக வேண்டும். அந்த ரத்தத்தை நிறுத்த அறுவை அரங்கால்தான் முடியும். கையில் காலில் பீறிடும் ரத்தம் என்றால் முதலில் அழுத்திப் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. இதயமே நின்றுபோனவருக்கோ நேர் எதிர். தூக்கி வண்டியில் போட்டு ஓடினால் போகிற வழியில் மார்பை ஒழுங்காக அழுத்த முடியாது. கிடக்கிற இடத்திலேயே, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து செ.மீ. ஆழத்துக்கு அழுத்தத் தொடங்க வேண்டும். அழுத்தாமல் கழிகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. எங்கே நிற்பது, எங்கே ஓடுவது என்பதை ஒரு பார்வையில் முடிவு செய்வதற்குத்தான் இ.எம்.டி. இருக்கிறார். வெளியே நிற்கும் நமக்கு இரண்டுமே ஒரே மாதிரி தெரிகிறது. நின்றால் 'வேலை தெரியவில்லை', ஓடினால் 'ஒன்றுமே பார்க்காமல் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள்'.

நேரம் எங்கே போகிறது என்று தம்பியிடம் கேட்டால் அவன் ரோட்டைச் சொல்வதில்லை. நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸில் மாட்டிக்கொண்டால் பாடுதான், ஆனால் அது எப்போதாவது. அவன் சொல்வது விலாசத்தை.

கொங்கு நாட்டில் ஊர் என்பது பாதிதான் ஊருக்குள் இருக்கிறது. மீதிக் குடும்பங்கள் அவரவர் தோட்டத்தில். காங்கேயம், தாராபுரம், பெருந்துறை, அந்தியூர் எங்கே போனாலும் மெயின் ரோட்டிலிருந்து ஒரு தார் ரோடு, அதிலிருந்து ஒரு மண் ரோடு, அதிலிருந்து ஓர் இட்டேரி, அதன் முடிவில் ஒரு வீடு. இரண்டு பக்கமும் கிழுவை வேலி, நடுவே ஒரு வண்டி போகிற தடம். பெயர்ப்பலகை கிடையாது. கூப்பிடுகிறவர் 'மேட்டுத்தோட்டம்' என்பார். எல்லா ஊரிலும் ஒரு மேட்டுத்தோட்டம் இருக்கிறது. ஊர்ப்பெயரே குழப்பம்தான். செட்டிபாளையம் என்றால் எந்தச் செட்டிபாளையம்? கோவைக்குத் தெற்கே ஒன்று, கரூர் பக்கம் அமராவதியில் தடுப்பணையோடு ஒன்று, நடுவில் இன்னும் சில. அழைப்பு போய்ச் சேர்வது சென்னையில் இருக்கிற கட்டுப்பாட்டு அறைக்கு. அங்கே எடுப்பவர் தூத்துக்குடிக்காரராக இருக்கலாம். அவர் "எந்த மாவட்டம், எந்த வட்டம், பக்கத்தில் என்ன இருக்கிறது" என்று கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. 'இத்தன கேள்வி கேக்கறதுக்குள்ள உசுரு போயிரும்' என்று போனை வைத்துவிடுகிறவர்களும் உண்டு. அந்தக் கேள்விகளுக்குப் பதில் வரவர இன்னொரு பக்கம் வண்டியை ஒதுக்குகிறார்கள். அப்புறம் இ.எம்.டி.யே திரும்பக் கூப்பிடுவார். அந்தப் போனை எடுக்காமல் விடுவது இன்னொரு பெரிய பாவம்.

ராத்திரி என்றால் இன்னும் மோசம். தோட்டத்து வீடுகளில் பொழுது போனால் நாயை அவிழ்த்துவிடுவார்கள். வண்டி வாசலில் நிற்கும், உள்ளே ஒருவர் மூச்சுத்திணறிக் கிடப்பார், கதவைத் திறந்தால் மூன்று நாய்கள். "ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுன கையோட நாயைக் கட்டுங்கண்ணா, அதையே எழுதுங்க" என்றான் தம்பி. எழுதிவிட்டேன். இட்டேரி முனையில் ஓர் ஆள் டார்ச்சோடு நின்றால் அதைவிடப் பெரிய உதவி கிடையாதாம். சில தடங்களில் வண்டி நுழையவே நுழையாது. அப்போது ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு மஞ்சக்காட்டு வரப்பில் நடக்க வேண்டும்.

இன்னொரு கொங்கு வியாதி உண்டு. வீட்டுக்கு வீடு கார். எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு மாசி மாச விடிகாலையில் நெஞ்சு பிசைந்தது, இடது தோள் கனத்தது, வேர்த்துக் கொட்டியது. "வாய்வு புடிச்சிருக்குது" என்றார். பெரியம்மா ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார், யாரோ சோடா வாங்கிவர ஓடினார்கள். முக்கால் மணி நேரம் அப்படியே போனது. அப்புறம் அண்ணன் காரை எடுத்தான். முதல் ஆஸ்பத்திரியில் டாக்டர் இன்னும் வரவில்லை. இரண்டாவதில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு 'இங்கே வசதி இல்லை, பெரிய இடத்துக்குப் போங்கள்' என்றார்கள். மூன்றாவதில்தான் சேர்த்தோம். பெரியப்பா பிழைத்துக்கொண்டார், ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதயத் தசையில் ஒரு பகுதி அன்றைக்கே போய்விட்டது. காரில் போனதால் வேகமாகப் போனோம் என்றுதான் அண்ணன் இன்றைக்கும் நினைக்கிறான். மூன்று வாசல் ஏறி இறங்கியதை அவன் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாரடைப்பில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்பது எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதைவிட முக்கியம் என்று காட்டிய வேலை ஒன்று இதே மண்ணில்தான் தொடங்கியது. கோவை இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் மற்றவர்களும் முதலில் கோவை, ஈரோடு பக்கம் முன்னோட்டமாக ஓர் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். ஆஞ்சியோ வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்று நடுவில், அதைச் சுற்றிச் சின்ன ஆஸ்பத்திரிகள், இரண்டையும் இணைக்க 108. சின்ன இடத்தில் இ.சி.ஜி. எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, அப்புறம் பெரிய இடத்துக்கு. இதையே விரிவாக்கி 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நாலு மையங்களில், 2,420 நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2ஆகக் குறைந்தார்கள் என்று 2017ல் வெளியான முடிவுகள் சொன்னன. மருந்து புதுசில்லை, கருவி புதுசில்லை. யார் எங்கே போக வேண்டும் என்று முன்பே தீர்மானித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இ.எம்.டி.க்கும் உறவினர்களுக்கும் அதிகம் சண்டை வருவது இந்த இடத்தில்தான். 'எங்களுக்கு ஜி.ஹெச். வேண்டாம், கோயமுத்தூருக்கே விடுங்க' என்பார்கள். பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பத்து நிமிஷத்தில் இருக்கும், அதைத் தாண்டி ஒரு மணி நேரம் போகச் சொல்வார்கள். மூச்சு நிற்கிற நிலையில் இருப்பவரை அவ்வளவு தூரம் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. பக்கத்தில் நிலைப்படுத்திவிட்டு அங்கிருந்து மாற்றிக்கொள்ளலாம். சொன்னால் கேட்கிறவர்கள் குறைவு. தனியார் ஆஸ்பத்திரியிடம் கமிஷன் வாங்குகிறார்கள் என்று ஒரு கூட்டம், அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று ஒரு கூட்டம். பணத்தைப் பற்றிய பயம்தான் பலரைக் குழப்புகிறது. விபத்து என்றால் அந்தப் பயத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட எவருக்கும், எந்த மாநிலத்தவரானாலும், பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. தொடங்கும்போது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்றார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்திருக்கிற பீகார், ஒடிசாப் பையன்களுக்கு இது தெரியாது. அவர்களை ஏற்றும்போது தம்பி முதலில் சொல்வது 'பைசா நஹி'. அப்புறம்தான் 'கஹாங் தர்த்?' ஹிந்தி தெரியாமல் இந்தப் பக்கம் வேலை பார்க்க முடியாது என்கிறான்.

வண்டிக்குள் அவர்களால் என்னென்ன முடியும்? ஆக்சிஜன் கொடுக்கலாம், வாயில் தேங்கியதை உறிஞ்சி எடுக்கலாம், மூச்சு விடாதவருக்குப் பை வைத்து அமுக்கி மூச்சு கொடுக்கலாம், சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கலாம், நரம்பில் ஊசி ஏற்றிச் சலைன் விடலாம், எலும்புக்குக் கட்டை கட்டலாம். மருந்து என்றால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரைப் போனில் பிடித்து நிலைமையைச் சொல்லி, அவர் சொன்னபடி. வென்டிலேட்டர், இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவி எல்லாம் பெரிய வண்டியில் உண்டு. அதை ஏ.எல்.எஸ். என்பார்கள். சாதாரண வண்டி பி.எல்.எஸ். போகிற வழியிலேயே ஆஸ்பத்திரிக்கு முன்தகவல் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் ஆடுகிற வண்டியில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படிவத்தில் எழுதவும் வேண்டும். எத்தனை மணிக்கு என்ன செய்தோம் என்பது அதில் இல்லை என்றால் செய்யாத கணக்குதான்.

பாம்புக்கடி எங்கள் பக்கம் சகஜம். மஞ்சள், கரும்பு, வாழை, எல்லாமே பாம்புக்கு நிழல். இ.எம்.டி. வந்ததும் முதலில் செய்வது நாம் இறுக்கிக் கட்டிய கயிற்றைப் பார்ப்பது. கட்டவே கூடாது, கீறவும் கூடாது. கடிபட்ட கையை, காலை அசைக்காமல் வைத்து விஷமுறிவு மருந்து இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான், அதனால் பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டியதில்லை. பூச்சிமருந்து வயிற்றுக்குள் போன கேஸில் உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் அதுவே ஆளை முடிக்கும். டப்பாவை மட்டும் மறக்காமல் வண்டியில் போட்டுவிடுங்கள்.

மலையில் வேலை பார்ப்பது தனி அனுபவம். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை வந்த பிறகும் ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு, யானைக்கு அது தெரியாது. ஆசனூர் பக்கம் கரும்பு லாரியை எதிர்பார்த்து நிற்கிற யானை, சைரன் கேட்டால் நகரும் என்று நம்ப முடியாது. விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழி. அந்தக் காத்திருப்பில் பிரசவமே நடந்துவிடும். குழந்தையின் தலை தெரிந்துவிட்டால் பைலட் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வெளியே இறங்கி நிற்பார். உள்ளே அவசரப்படாமல், இழுக்காமல், வருகிற தலையைக் கையில் தாங்க வேண்டும். தொப்புள்கொடியில் இரண்டு இடத்தில் கிளிப் போட்டு நடுவில் வெட்டி, துடைத்து, அம்மா நெஞ்சில் போட்டு இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். மலைக்காற்றில் குழந்தை சில்லிட்டுப் போவதுதான் பெரிய ஆபத்து. தம்பி இப்படி ஏழு குழந்தையை வாங்கியிருக்கிறான். ஒரு குழந்தைக்கு அவன் பெயரையே வைத்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் உயர்த்துவான்.

அவன் பேசத் தயங்குவது வேறொன்று. சில வீடுகளில் வண்டி போய்ச் சேரும்போதே உயிர் போயிருக்கும். உடம்பு சில்லிட்டிருக்கும், தாடை விறைத்திருக்கும். ஆனால் 'இறந்துவிட்டார்' என்று சொல்லும் அதிகாரம் இ.எம்.டி.க்கு இல்லை, டாக்டர்தான் சொல்ல வேண்டும். 108ல் சடலத்தை ஏற்றவும் கூடாது. அதற்கு அமரர் ஊர்தி தனியாக இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை இலவசமாகக் கொண்டுபோக, 155377 என்ற எண்ணில். அன்றைய அமெரிக்க ஊர்களில் ஒரே வண்டியாக இருந்ததை நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் அந்த நேரத்தில் அந்த வாசலில் நின்று இதை எப்படிச் சொல்வது? 'வண்டியில ஏத்துங்க சாமி, ஆஸ்பத்திரிக்குப் போனா எந்திரிச்சுக்குவாரு' என்று காலில் விழுகிற ஆத்தாளிடம்? போனில் டாக்டரிடம் பேசிவிட்டு, ஏற்ற முடியாது என்று சொல்லி அடி வாங்கியவர்கள் உண்டு. கண்ணாடி உடைந்த வண்டியோடு திரும்பியவர்களும் உண்டு.

இவ்வளவுக்கும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், பகலும் இரவும் மாறி மாறி. சம்பளம் இருபதாயிரத்தை ஒட்டி. வண்டியில் தமிழக அரசு முத்திரை இருக்கிறது, வேலை அரசு வேலை இல்லை. நடத்துவது ஒப்பந்த நிறுவனம். எட்டு மணி நேர வேலை, பணி நிரந்தரம் என்று சங்கம் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2021ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் ஒரு தொழிலாகப் பட்டியலில் சேர்த்தது. நல்ல விஷயம்தான். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் சட்டம் உதவவில்லை. "கவர்மெண்ட் வேலைங்களா?" என்று கேட்டார்கள். "இல்லீங்க, காண்ட்ராக்ட்" என்றான் தம்பி. காபி குடித்துவிட்டு வந்தோம். அடுத்த வருஷம் இதே வேலையில் இருக்கும் பெண்ணையே கட்டிக்கொண்டான். அவன் பகல் ஷிஃப்ட் என்றால் அவள் இரவு. ஒருவரையொருவர் பார்ப்பது சைரன் சத்தத்தில்தான் என்று எங்கள் சின்னம்மா சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். காலை எட்டு மணி. பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ப்ளீச்சிங் தண்ணீரில் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். ஸ்ட்ரெச்சர் சக்கரத்தின் இடுக்கில் ரத்தம் காய்ந்திருந்தது, பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டினான். அப்புறம் ஆக்சிஜன் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது, உறிஞ்சும் மெஷின் ஓடுகிறதா, கையுறை எத்தனை ஜோடி, பிரசவப் பை சீல் உடையாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் எழுதினான். அடுத்து வந்தவர் அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் நின்று காட்டினான். அவர்கள் இன்னும் கையெழுத்துப் போட்டு முடிக்கவில்லை, போன் அடித்தது. யாரோ எங்கோ ஒரு தோட்டத்திலிருந்து. "எந்தப் புதுப்பாளையமுங்க? ... பள்ளிக்கூடம் தாண்டியா, தாண்டாமையா?" என்று கேட்டுக்கொண்டே புதியவர் ஏறிக்கொள்ள, வண்டி கிளம்பிவிட்டது.

அந்த வாரமே எங்கள் தோட்டத்து இட்டேரி முனையில் ஒரு கல் நட்டேன். தோட்டத்துப் பெயர், ஊர், 'இங்கிருந்து 600 மீட்டர்' என்று ராத்திரியில் மின்னுகிற பெயின்டில் எழுதி வைத்திருக்கிறது. பெரியப்பா பார்த்துவிட்டு, "இதென்னடா, வீட்டுக்கு மைல்கல்லு?" என்றார். நாய்க்குச் சங்கிலி வாங்க வேண்டும்.